அம்மா நகைக்காகப் போகவில்லை

எங்கள் அம்மா எம்மைப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவுமலரைக் கையில் வாங்கும் உறவினரும் அயலவரும் அம்மாவின் குணநலன்களை நன்கறிந்தவர்கள். அவற்றை வரிசையாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அம்மாவைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விடயம் பொய். அந்தப் பொய்யின் நிழலில் தப்பித்துக்கொண்டவன் நான். அதைச் சொல்லாமல் மற்றதை எழுதப் பேனை ஓடவில்லை.

அம்மா புத்தூரில் ஒரு கமக்காரக் குடும்பத்தில், பெரிய மாமாவுக்கு ஒரேயொரு தங்கையாகப் பிறந்தார். தெல்லிப்பழையைச் சேர்ந்த எங்கள் ஐயாவைக் கைப்பிடித்து மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றார். எங்களுக்குச் சாதகத்தில் நல்ல பெயர்கள் இருந்தாலும் அம்மாவின் வாயில் நான் பெரியவன், அடுத்தவன் நடுவிலான், கடைக்குட்டி சின்னவன்.

ஐயா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினார். அதன்பிறகு அவர் அதிகம் கதைக்கவில்லை. மூன்றாம் வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். சீதனமாக வந்த எட்டுப் பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் வைத்து அம்மா எங்களை வளர்த்தார். விடிய முதல் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, எங்களைக் குளிக்கவார்த்துப் பள்ளிக்கு அனுப்புவார். அவர் ஆறுதலாக இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை.

சின்னவனுக்குக் காது கேளாது என்பதை எங்களுக்கு அறிவித்தது ஷெல்தான். முதன்முதலாக எங்கள் பக்கம் ஷெல் விழுந்தபோது அயலிலுள்ள குழந்தைகளெல்லாம் வீரிட்டு அழ, அவன் மட்டும் பாயில் அயர்ந்து தூங்கினான். என்ரை பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளை என்று அம்மா பெருமைப்பட்டார். இரண்டாம் முறையும் அவன் அசையாமல் கிடந்தபோது அம்மாவின் முகம் மாறியது. அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பேச்சும் அவனுக்கு வரவில்லை. அம்மா அவனை ஒளித்து வளர்க்கவில்லை. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். யாராவது பாவம் என்று உச்சுக்கொட்டினால், அவனுக்கு முகம் பார்த்து எல்லாம் விளங்கும், அப்படிச் சொல்லவேண்டாம் என்று மறித்துவிடுவார்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்க, வளவுக்குள் பங்கர் வெட்டினோம். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூடை வைத்தால் உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. அதனால் அம்மா ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். இறங்கியவுடன் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நானும் நடுவிலானும் "ஓம்" என்போம். சின்னவன் பெயர் வரும்போது நான் அவன் தலையில் கைவைத்துப் பார்த்து, அவனுக்காக "ஓம்" சொல்லவேண்டும். பிறகு அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும் பனங்கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு தருவார். எங்களை அழாமல் வைத்திருக்க அம்மா கண்ட வழி அது.

அந்த வருடம் ஒருநாள் மத்தியானம் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தபோது பொம்மர் விமானம் வந்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினோம். அம்மா கூப்பிட்டார். நான் எனக்குச் சொன்னேன், நடுவிலான் சொன்னான். சின்னவனுக்கும் நான் "ஓம்" சொன்னேன்.

என்னுடைய இரண்டு கைகளும் என்னுடைய காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தன. அவன் தலையை நான் தேடவேயில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. குழந்தைப்பிள்ளை என்று என்னைக் காப்பாற்ற ஒருவரும் முயலவேண்டாம்.

அம்மா பனங்கட்டி நீட்டினார். நான் வாங்கினேன், நடுவிலான் வாங்கினான். மூன்றாவது துண்டை வாங்க ஒரு கையும் வரவில்லை. அம்மா படியேறிப் போய்விட்டார்.

கிணற்றடியில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வாய்க்காலில் விளையாடிக்கொண்டிருந்தவனை அம்மா விழுந்து மூடினார். குண்டு பக்கத்து வளவுக்குள் விழுந்தது. சின்னவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அம்மாவின் வலது தொடைக்குள் இரும்புத்துண்டு ஏறிவிட்டது.

சனம் கூடி, ஏன் வெளியே போனாய் என்று கேட்டது. நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்.

"நகைப்பெட்டி உள்ளுக்கை கிடந்தது. அதை எடுக்கப் போனனான். உவன் எனக்குப் பின்னாலை வந்திட்டான்."

அந்தப் பெட்டிக்குள் ஐயாவின் வைத்தியத்துக்குப் பிறகு ஒரு சோடித் தோடு மட்டுமே மிஞ்சியிருந்தது. அது எனக்குத் தெரியும். பெரிய மாமா எல்லோர் முன்னிலையிலும் பிள்ளையை விட நகை பெரிதோ என்று கேட்டபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. ஐந்து வருடம், நொண்டி நொண்டி நடந்த அம்மாவை நகைக்கு ஓடினவள் என்று ஊர் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பங்கருக்குள் எங்களைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். தன் சேலைத் தலைப்பைச் சின்னவனின் கையில் கட்டிக்கொள்வார். அந்த இருட்டில் அம்மா கூப்பிடுவது இப்போதும் எனக்குக் கேட்கிறது. பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

எடுக்கமுடியாதென்று விட்ட அந்த இரும்பு, இந்த வருடம் சீழ்கட்டி அம்மாவைப் படுக்கையில் போட்டது. மருந்துத் தட்டுப்பாடு நீங்கள் அறிந்ததே. ஆசுப்பத்திரியில் ஒருநாள், ஏன் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். கால்மாட்டில் இருந்த சின்னவனை அம்மா பார்த்தார்.

"ஊர் என்னை என்ன சொன்னாலும் நான் உவனுக்குத் தாய்தான். உன்னைச் சொல்லியிருந்தால், உவனாலைதானே எனக்கு இந்தப் பேர் எண்டு நீ உவனை வெறுத்திருப்பாய், தம்பி. பிறகு என்ரை பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

அவனைப் பார்க்கவே பிடிக்காத நாள்களும் அந்த ஐந்து வருடத்துக்குள் எனக்கு இருந்தன. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. நான்காம் நாள் அம்மா கண்ணை மூடினார்.

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அவனுக்கு ஒன்றும் விளங்காது, நீயே வை என்று பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். அவனுக்காக இனி நான் எதையும் செய்து முடிக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டேன். சின்னவன் நான் காட்டியபடி பின்பக்கமாகக் கொள்ளியை வைத்தான். வைத்தபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆனால் அவன் திரும்பினான். எல்லோரும் சத்தமிட்டார்கள், அவனுக்குக் கேட்கவில்லை. நெருப்பைப் பார்த்து வாயைத் திறந்து, நாங்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் அழுதான். நானும் திரும்பிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது குற்றமென்றால் எங்கள் இருவரையும் சேரட்டும்.

காயப்பட்ட அன்று அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடிய அயலவருக்கும், மருந்து தேடி அலைந்தவர்களுக்கும், செத்தவீட்டில் விறகும் தேநீரும் தந்து தோள்கொடுத்தவர்களுக்கும், கடதாசி இல்லாத காலத்தில் கொப்பித்தாளில் இம்மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரிய மாமா, உங்கள் தங்கச்சி நகைக்காகப் போகவில்லை. இனிச் சொல்வதை என்னைச் சொல்லுங்கள். எவ்வளவும் சொல்லலாம். சின்னவன் என் பக்கத்தில்தான் இருக்கிறான். நான் இதை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.