அப்போஸ்தலரின் வீட்டில் புதன்கிழமை

பெங்களூரில் தலைமைத்துவக் கருத்தரங்கு என்று போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, தான் இனிமேல் போதகர் இல்லை, அப்போஸ்தலர் என்று சொன்னார். நான் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். "சரிங்க, அப்போஸ்தலர் கை கால் கழுவிட்டு வரட்டும், சாப்பாடு ஆறுது" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

சாப்பிடும்போது விளக்கம் வந்தது. போதகர் என்றால் ஒரே மந்தையோடு கிடப்பவர். அப்போஸ்தலர் அப்படி இல்லை. புது இடத்துக்குப் போய்ச் சபையைத் தொடங்கி, அந்த ஊர்க்காரர்களிலேயே ஒரு தலைவரை எழுப்பி, அவர் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். இதற்கு கேட்டலிஸ்ட் தலைமைத்துவம் என்று பெயராம். பத்தாம் வகுப்பில் இருந்த எங்கள் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அது வினையூக்கிப்பா. எங்க சயின்ஸ் புக்ல இருக்கு. மத்த எல்லாத்தையும் மாத்தும், அது மட்டும் மாறாது" என்றாள். "பார்த்தியா, என் பொண்ணு கரெக்டா சொல்லிட்டா" என்று இவர் பூரித்துப்போனார். எனக்கும் அது கரெக்டாகத்தான் பட்டது.

கருத்தரங்குக்குப் போகாத காலத்திலும் இவர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். காவேரிப்பட்டினத்தில் வீட்டு ஜெபமாகத் தொடங்கி, கொட்டகை போடும் அளவுக்கு ஆள் சேர்ந்தது. ஓலை வேய்ந்த கையோடு கல்லாவிக்கு மூட்டை கட்டினோம். அந்தக் கொட்டகையில் நான் ஒரு ஞாயிறுகூட முழுசாக உட்காரவில்லை. நாங்கள் போனபின், கீபோர்டு யார் வீட்டில் இருப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு அவர்கள் இரண்டாக உடைந்தார்கள். கல்லாவியில் ஒரு கடலை விவசாயி கையில் ஒப்படைத்துவிட்டு ஓசூருக்கு வந்தோம். அந்தச் சபை நன்றாகவே நடக்கிறது. இவர் சொல்வது எல்லாமே தப்பாக இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் மாறுகிற முடிவு இவருடையது. பள்ளிக்கூடத்தில் டி.சி.க்கு நிற்பதும், கேஸ் கனெக்‌ஷனை மாற்ற அலைவதும், புது ஊரில் எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று விசாரிப்பதும் என் பாடு. ஓசூரில்தான் முதல்முறையாக மூச்சு விட்டேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வாடகை வீடு. வீட்டுக்காரம்மா தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானமாகி, தமிழில் காப்பி கேட்பார். மதுரை, திருச்சி, விருதுநகர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்கள் எங்கள் வீட்டு ஹாலில் ஞாயிறுதோறும் கூடின. பாதிப் பேர் வீட்டில் சாமி படமும் இருந்தது, இங்கே வந்து பாட்டும் பாடினார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"குந்தாரப்பள்ளி. சந்தைக்கு எத்தனை ஊர் ஜனம் வருது தெரியுமா உனக்கு?"

"அவங்க மாடு வாங்க வர்றாங்க. பொழுது சாஞ்சா அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. சரி, உங்களுக்குப் போகணும்னா பஸ்ல போயிட்டு வாங்க. எட்டாத ஊரா அது?"

"ஜனங்களோட தங்கி வாழ்ந்தாத்தான் வேலை நிக்கும்."

"அப்ப எங்களோட தங்கி வாழறது யாரு?"

இப்படி ஏதாவது கேட்டால் இவர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்ட ஆளோடு என்னவென்று சண்டை போடுவது? நான் கேட்டது மலையளவு விஷயம் இல்லை. மகள் பரீட்சை முடிகிற வரைக்குமாவது மூன்று பேரும் இந்த ஒரு வீட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். அதுமட்டும்தான். இந்த முறை நான் பாத்திரங்களை மூட்டை கட்டப்போவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அது மின்வெட்டு தலைவிரித்தாடிய வருடம். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். அந்த நாளையே வார விடுமுறையாக வைத்துவிட்டு, கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்லின. எங்கள் பகுதிக்குப் புதன்கிழமை விழுந்தது. ஞாயிறு ஆராதனையில் பாய் மட்டும் விரிந்து கிடக்க ஆரம்பித்தது. புதன்கிழமையானால் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அடுப்பை விட்டு நகர முடியாததால் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் சங்கீதம் வாசிப்பார், ஒருத்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மாமியாரைப் பற்றி அழுவாள், நான் கையைத் துடைத்துக்கொண்டு ஜெபிப்பேன். பிறகு எல்லாருக்கும் ரசம் சோறு.

இவர் வாரநாள் முழுக்க குந்தாரப்பள்ளியில் வீடு பார்த்துக்கொண்டு திரிந்ததால் இதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நான் சொல்லாமலும் இல்லை. "புதன்கிழமை வீடு நிறைய ஆளுங்க" என்றால், "வீட்டுக்கு வந்து போறது வேற, சபைங்கிறது வேற. ஆராதனைன்னா ஞாயித்துக்கிழமை" என்பார். அதற்குமேல் சுவரோடுதான் பேச வேண்டும்.

இங்கே ஒப்படைப்பதற்கு இவர் தேர்ந்தெடுத்தது ஒரு இன்ஜினியர் தம்பியை. நல்ல பையன், இங்கிலீஷில் சரளமாக ஜெபிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, நெற்றியில் பூசி ஜெபிக்க ஒலிவ எண்ணெய் வாங்கி வைத்து, வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு இவர் தயாராக நின்றார். காலையில் அந்தத் தம்பி போன் செய்தான். "பாஸ்டர், இன்னைக்கு எங்களுக்கு வொர்க்கிங் டே. ஆடிட் வேற இருக்கு. மன்னிச்சுக்கோங்க."

தலைவரே இல்லாமல் தலைவரை ஏற்படுத்தும் ஆராதனை நடந்தது. நானும் மகளும் பாயில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் எங்களைப் பார்த்து "சபையாரே" என்று கூப்பிட்டு முழுப் பிரசங்கமும் செய்தார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முடித்துவிட்டு, "பார்த்தியா, ஒரு ஆளும் வரலை. ஆண்டவர் இங்க நம்ம வேலையை முடிச்சுட்டாரு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆண்டவர் ஒண்ணும் முடிக்கலைங்க. கரண்ட்காரன் லீவை மாத்தியிருக்கான். ஊருக்கே தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியலை."

அந்த வாரம் குளிர் காய்ச்சல் வந்து இவர் புதன்கிழமை வீட்டில் படுத்துவிட்டார். வழக்கம்போல எல்லாரும் வந்தார்கள். பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிற மதுரைக்கார அக்கா ஒருத்தி பாய் எடுக்க உள்ளறைக்குப் போனவள், போர்வைக்குள் இவரைப் பார்த்துவிட்டு, "அட பாஸ்டரு, நீங்களும் புதன்கிழமை வருவீகளா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

இவர் போர்வையோடு எழுந்து வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். ஹாலில் ஆண்கள் வரிசையாக இருந்தார்கள். இன்ஜினியர் தம்பி பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். ஜெப விண்ணப்பம் சொன்னவர்கள் எல்லாரும் பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னைக்கு பாஸ்டர் இருக்காரு, அவரே ஜெபிக்கட்டும்" என்றேன். "அவரு காய்ச்சல்ல கெடக்காரு, பாவம். நீங்களே பண்ணுங்கம்மா" என்று மதுரை அக்கா முடித்துவிட்டாள். நான் ஜெபித்தேன். இவர் கண்ணை மூடாமல் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இத்தனை பேர் இருப்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று, இனி குந்தாரப்பள்ளி பேச்சை எடுக்கமாட்டார், மகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள் என்று கணக்குப் போட்டேன். கடைசி ஆள் போனதும் சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கிடைச்சாச்சு" என்றார்.

"என்ன கிடைச்சுது?"

"தலைவர். நான் வெளியிலேயே தேடிட்டு இருந்திருக்கேன். நீதான். நீ இங்க இருந்து சபையைப் பார்த்துக்கோ. நான் இனி நிம்மதியா குந்தாரப்பள்ளிக்குப் போவேன்."

அந்தக் காப்பியை வாங்கித் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது. இவரைத் தங்கவைக்கும் என்று நான் எதை நம்பினேனோ, அதையே சாக்காக வைத்துக் கிளம்புகிறார் மனுஷன். அன்று ராத்திரிச் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அடுப்படியைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த புதன்கிழமை இவரே எல்லாரிடமும் அறிவித்தார். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்குத் தெரிஞ்சதுதானே பாஸ்டர்" என்றான் இன்ஜினியர் தம்பி. மதுரை அக்கா எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டாள். இவர் அந்த ஒலிவ எண்ணெயை என் நெற்றியில் தொட்டு ஜெபித்தார். சரி, ஒழிகிறது, முடிந்தது என்று நான் எழுந்திருக்கும்போது, இவர் என் முன்னால் வந்து முழங்கால் போட்டார்.

"அப்போஸ்தலர் தானாப் போகக் கூடாது. உள்ளூர்ச் சபைதான் தலையில கைவச்சு அனுப்பணும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு மெதுவாக எனக்கு மட்டும் சொன்னார். "நீ அனுப்பாம நான் போகமாட்டேன். இது சத்தியம்."

சத்தியம் பண்ணினால் அதன்படி நடக்கிற ஆள்தான். முடியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் மறுபடி அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவார். மகள் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்காக, வேலைக்காக, வயிற்று வலிக்காக, ஆண்டவர் சித்தப்படி ஆகட்டும் என்று நான் ஜெபித்துக் கொடுத்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். என் வீட்டு விஷயம் என்று வரும்போது நான் என்ன ஜெபிப்பேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். இந்த மனுஷன் என்னை எப்படிப்பட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவர் தலையில் கையை வைத்தேன்.

"ஆண்டவரே, இவரை அனுப்ப எனக்கு இஷ்டம் இல்லை. அது உமக்கே தெரியும். நீர் கூப்பிடுறீர்னு இவர் சொல்றாரு, அதனால அனுப்புறேன். வேளாவேளைக்குச் சாப்பிட வையும். அங்க சீக்கிரம் ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்து, திரும்ப எங்ககிட்ட கொண்டுவந்து சேர்த்துவிடும்."

எல்லாருக்கும் முந்திக்கொண்டு சத்தமாக ஆமென் சொன்னது இவர்தான். மற்றவர்களும் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். யாரோ பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். என் கை இன்னும் அவர் தலையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரே என் கையைப் பிடித்து எடுத்துவிட்டு எழுந்தார்.