ஆறு பேர் குறைந்த வரலாற்று வகுப்பு

பிளஸ் ஒன்னில் நான் வரலாறு எடுத்தபோது வீட்டில் யாரும் திட்டவில்லை. பாவமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் வாரமே தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டார்.

"ஒன்பது பேரை வச்சு ஒரு குரூப் நடத்த முடியாதும்மா. இன்னும் ஆறு பேராவது வேணும். திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா காமர்ஸுக்கு மாறிக்கிடுங்க."

நான் அப்போதே மனதுக்குள் மாறிவிட்டேன். வன்னியம்பட்டியிலிருந்து வருகிற ஒருத்தி மட்டும் அசையவில்லை. பத்தாவதோடு நின்றுபோனவர்கள் யார் யார் என்று வகுப்பு முழுக்க விசாரித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, "ஏட்டி, சனிக்கிழமை எங்கூட வாரியா?" என்றாள். பழகி நாலு நாள்கூட ஆகவில்லை. எப்படிச் சரி என்றேன் என்று இன்றும் தெரியவில்லை.

வத்திராயிருப்பில் இரண்டு பேர் உடனே சம்மதித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மூன்று பேர். கடைசியாக ஞாயிற்றுக்கிழமை மதியம் சேத்தூருக்குப் போனோம். தாளில் கடைசியாக இருந்த பெண் அங்கே பஞ்சாலையில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவள் அப்பாவுக்கும் மில்லில்தான் வேலை. கட்டிலில் உட்கார்ந்தபடி எங்களைக் கேட்டார்.

"வரலாறு படிச்சு என்ன செய்யப் போறா? ராஜா கதைதான?"

நானாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். இவள் நிதானமாகச் சொன்னாள்: "ராஜா கதை மட்டும் இல்ல மாமா. மில்லு எப்படி வந்துச்சு, அதுல வேல பாத்தவிய எம்புட்டு நேரம் நின்னாங்க, வேல நேரத்தக் கொறைக்க என்ன பாடுபட்டாங்கன்னு எல்லாம் இருக்கு."

"அதெல்லாமா புஸ்தகத்துல போட்டிருக்கான்?"

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, தொழிற்சாலைகள் பற்றிய பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். நடுவில் மனைவியைக் கூப்பிட்டு இரண்டு வரியை உரக்கப் படித்துக் காட்டினார். மகள் வாசற்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த நேரம் கழித்து அவர் புத்தகத்தை மூடாமலே மகளைக் கேட்டார்.

"நீ என்ன சொல்லுத?"

"போறேம்ப்பா."

திங்கட்கிழமை காலையில் பதினைந்து பேராகப் போய் நின்றோம். தலைமையாசிரியை எண்ணிப் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டை வரவழைத்தார்.

இரண்டு வருடமும் அந்த வகுப்பு நடந்தது. வன்னியம்பட்டிக்காரிக்கு வருடங்கள் மனதில் நிற்காது. காலக்கோடு வரையச் சொன்னால் நூறு வருடம் முன்பின் போடுவாள். ஆனால் ஒரு போர் முடிந்ததும் அங்கிருந்த சனங்கள் அடுத்த நாள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்பாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

பொதுத்தேர்வில் எங்கள் குரூப்பில் முதல் மதிப்பெண் சேத்தூர் பெண்ணுக்கு. அவளைக் கூட்டிவந்தவள் ஆறாவதோ ஏழாவதோ வந்தாள். ரிசல்ட் பார்த்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். தன் மார்க்கைச் சொல்லவே மறந்துவிட்டாள். சேத்தூர்க்காரியின் மார்க்கை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.