பெட்டி தூக்கும் காட்சி

குத்தாலம் சினிமாக் கொட்டகையில், நான் உட்காரும் பெண்கள் பெஞ்சில் அடிக்கடி பார்த்த முகம் அது. நடவு முடித்துக் குளித்த ஈரத்தலை, சேற்றில் ஊறி வெளுத்த விரல்கள். அந்த அம்மாளும் அவருடைய தெருச் சிநேகிதிகள் மூவரும் எந்தப் படத்துக்கும் சேர்ந்துதான் வருவார்கள்.

அன்றைய படத்திலும் நான்கு சிநேகிதிகள். நால்வருக்கும் கல்யாணம் கசந்துவிட்டது. ஒருத்தி பெட்டியில் புடவைகளைத் திணித்துக்கொண்டு புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது கொட்டகையே மூக்கைச் சிந்தியது. இந்த அம்மாள் மட்டும் சிரித்தார். எந்தப் படமானாலும் கதாநாயகி பெட்டியைத் தூக்கினால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எனக்கு எரிச்சல். இடைவேளையில் கேட்டே விட்டேன்.

"அழற எடத்துல ஏங்க சிரிக்கிறீங்க?"

"எங்க போறா, பாத்தீங்கல்ல? சிநேகிதி வூட்டுக்கு. குடியிருக்கற மனைக்குப் பட்டா வேணும்னு நாங்க நாலு பேரும் ஒண்ணாத்தான் கொடி புடிச்சோம். போலீஸ் வேன்லயும் ஒண்ணாத்தான் ஏறுனோம். மந்திரி வந்து மேடை போட்டுப் பட்டா குடுத்தாரு. நாலும் ஆம்பளைங்க பேருல." பக்கத்திலிருந்த சிநேகிதியைக் காட்டினார். "நான் பொட்டியோட போயி நின்னா, இவ புருஷன் இவளையும் சேத்து வெளிய தள்ளுவான்."

அந்தச் சிநேகிதி தலையாட்டிவிட்டு, முறுக்கை உடைத்து நால்வருக்கும் பங்கு வைத்தார்.

படத்தின் கடைசியில் புருஷன் மன்னிப்புக் கேட்டான். பெட்டி வீடு திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நானும் வூட்டுக்குப் போவணும். பொட்டிதான் இல்ல."

என் வீட்டுப் பரணில் பெட்டி இருக்கிறது. வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்று அதுவரை நான் கேட்டதில்லை. இன்னும் கேட்கவில்லை.