பன்னிரண்டு மணிக்கு வந்தவன்

நீங்கள் சிரித்தாலும் சரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வயலுக்குப் போய்விடுகிற ஆள் நான். எனக்கு இருந்த பயமெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் வருமா, அறுப்புக்கு மிஷின் கிடைக்குமா என்கிற பயம்தான்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. போன தை மாதம் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. உயிர் பிரிகிற நேரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்பூன் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். நான் ஊற்றினேன், அக்கா ஊற்றினாள், எல்லாம் கடைவாயில் வழிந்துவிட்டது. "சின்னவன் வந்துட்டானா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சின்னவன் என் தம்பி, சிங்கப்பூரில் வெல்டர்.

அன்று காலை ஒன்பது மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தான். நான் எட்டாவதோடு நின்றவன், ஆனாலும் காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துத் தடவை கணக்குப் போட்டேன். அந்தத் தீவுக்கும் திருச்சிக்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட, நாலு மணி நேரம், இறங்கும்போது அவன் வாட்சில் ஒன்று, நம் கடிகாரம் இரண்டரை மணி பின்னால், ஆகத் திருச்சியில் பத்தரை, அப்புறம் செக்கிங், கார், எப்படியும் பன்னிரண்டுக்கு வீடு.

"நீ எழுதி எழுதிப் பாத்தா ஏரோப்ளேன் வேகமா வந்துடுமாடா?" என்று திட்டிவிட்டு அக்கா வாசல் கேட்டில் போய் நின்றுகொண்டாள்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். நல்ல வெயில். நம்பினால் நம்புங்கள், தம்பி உள்ளே வந்தான். கையில் பெட்டி இல்லை, அவசரத்தில் காரிலேயே விட்டுவிட்டான் போல என்று நினைத்தேன். நேரே கட்டில் பக்கம் வந்தான். கையை நீட்டினான், நான் டம்ளரையும் ஸ்பூனையும் கொடுத்தேன். மூன்று ஸ்பூன் ஊற்றினான். மூன்றும் தொண்டையில் இறங்கியதைப் பார்த்தேன். அம்மாவின் தலை சாய்ந்தது. நான் அவர்கள் மேல் விழுந்து அழுதுவிட்டு நிமிர்ந்தால் டம்ளர் கட்டில் ஓரத்தில் இருந்தது, அவனைக் காணோம்.

கொல்லைப்பக்கம் தேடப் போகையில் போன் அடித்தது. புது நம்பர்.

"அண்ணே, இங்க ஏர்போர்ட்லயேதாண்ணே உக்காந்திருக்கேன். ஏதோ கோளாறுன்னு எல்லாரையும் எறக்கி விட்டுட்டாங்க, ப்ளேன் இன்னும் கெளம்பவே இல்ல. என் போன்ல சார்ஜ் இல்ல, பக்கத்துல இருக்கவர்கிட்ட வாங்கிப் பேசுறேன். அம்மாவப் பாத்துக்கண்ணே, நான் வர்ற வரைக்கும் எப்படியாவது..."

போனை வைத்துவிட்டேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கடலே கிடக்கிறது. அக்காவிடம் ஓடிக் கேட்டேன்.

"கேட்ட விட்டு நகரலடா நான். ஒரு ஈ காக்கா உள்ள வரல."

தம்பி மறுநாள் விடிந்துதான் வந்து சேர்ந்தான். "ஒரு சொட்டுப் பால் ஊத்தக் குடுத்து வைக்கலையேண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன், வேறென்ன செய்ய?

இப்போதும் வீடியோ காலில் வந்தால் கேட்கிறான், "கடைசியா அம்மா என்னண்ணே கேட்டாங்க?"

"உன்னத்தாண்டா கேட்டாங்க" என்று சொல்லிவைக்கிறேன்.

அது பொய். ஸ்பூனோடு குனிந்தவனை அம்மா நன்றாக உற்றுப் பார்த்தார்கள். "யாருப்பா நீ?" என்றார்கள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள். "நம்ம சின்னவந்தாம்மா, வாயத் தொற" என்று தாடையைப் பிடித்துத் திறந்துவிட்டது நான்தான்.