போனுக்குச் சிவப்பு மை

ஹஃபீலா டீச்சரின் வகுப்பைத் தேடிப் போகிறவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. சத்தம் வரும் பக்கம் போனால் சரி. கற்பிட்டிக்குப் போகும் வீதியோரப் பாடசாலை ஒன்றில் எட்டாந்தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறார். அதிபர் ரஸாக் சேர் அடிக்கடி கதவடியில் வந்து நின்று, "கதைக்காதீங்க!" என்பார். பிள்ளைகளோடு சேர்ந்து டீச்சரும் வாயை மூடிக்கொள்வார்.

அவர் படித்த விதம் வேறு. தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர். ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன வாங்குகளில் பின்னேரம் உட்கார்ந்து படித்தார். கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதுவதுதான் படிப்பு. ஹஃபீலா வேகமாக எழுதுவார், ஆகவே கெட்டிக்காரி. அந்த வேகம் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆசிரியையான பிறகும் பலகை நிறைய எழுதித்தான் படிப்பித்தார். யாரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் 'எனது ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். வந்தது குழப்பம்.

கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். முதல் கட்டுரை அற்புதம். இரண்டாவதும் அற்புதம். மூன்றாவதை வாசிக்கும்போது, போட் எஞ்சின் திருத்தும் கணவர் ஹுனைஸ் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"'எங்கள் ஊராட்சித் தலைவர் ஆலமரத்தடியில் அமர்ந்து நீதி சொல்வார்.' யாரு இந்த மனிசன்? நான் ஒரு நாளும் காணல்லையே."

"இதக் கேளுங்க. பொங்கலுக்கு இவங்க வீட்டுக் காளைக்குக் கொம்புல நிறம் பூசுறாங்களாம்."

"யாரு எழுதின?"

"அஸ்ஜத்."

"பள்ளிவாசல் மோதினார்ட மகனா?"

தேத்தண்ணி சிந்தியது. இரண்டு பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. ஆனால் கொப்பிகள் முடிய முடிய டீச்சருக்குச் சிரிப்பு வற்றிவிட்டது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதிய ஒரு கட்டுரையிலும் கடல் இல்லை. வீதியை மறித்து நிற்கும் கழுதைகளில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் வகுப்பில் கேட்டார். "உண்மையச் சொல்லுங்க. யாரு எழுதின?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பஹ்மா என்ற பிள்ளைதான் எழுந்தாள். அவளுடைய வாப்பா ஜபார் கடற்றொழிலாளி. "போன் எழுதின டீச்சர். கேட்டா அதுவே எழுதித் தரும். நாங்க பாத்து எழுதின. ஒரு எழுத்தும் பிழைக்கல்ல."

அதுதான் டீச்சரைக் குத்தியது. பார்த்து எழுதுவதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவர் அல்லவா அவர்? அடிக்கவுமில்லை, வெளியே நிறுத்தவுமில்லை. கடைக்கு ஆளனுப்பிச் சிவப்புப் பேனைகள் வாங்கினார்.

"இண்டைக்கு நீங்க டீச்சர். போன்தான் பிள்ளை. இந்த ஊருல இல்லாத எல்லாத்தையும் வெட்டுங்க. வெட்டின இடத்துல உள்ளத எழுதுங்க."

வெட்டுவது சுகமாக இருந்தது. ஊராட்சித் தலைவர் போனார், காளை போனது. எழுதுவதில்தான் சண்டை. 'தென்றல் வீசும்' என்றிருந்ததை வெட்டினார்கள். பிறகு எந்தக் காற்று, எந்த மாதம், எந்தப் பக்கமிருந்து? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. டீச்சருக்கும் தெரியவில்லை. "எனக்கும் தெரியா. கேட்டுட்டு வாங்க" என்றார்.

பிள்ளைகள் ஊருக்குள் இறங்கினார்கள். மீன் வாடியில் கேட்டார்கள், உப்பளத்தில் கேட்டார்கள், காற்றாலைக் காவலாளியையும் விடவில்லை. ஒரே கிழமையில் முறைப்பாடுகள் வரத் தொடங்கின.

ரஸாக் சேர் கூப்பிட்டார். "டீச்சர், தவணைப் பரீட்சை வருது. பெற்றார் கொதிச்சுப் போயிருக்காங்க."

"பதில் இப்ப எல்லாப் புள்ளைட பைக்குள்ளயும் இருக்கு சேர். இனி நாங்க கேள்வி கேக்கத்தானே படிப்பிக்கணும்?"

"பைக்குள்ள போன் கொண்டு வரப்படாது எண்டு சுற்றறிக்கை இருக்கு டீச்சர்."

சனிக்கிழமை பெற்றார் கூட்டம். அவர்கள் வேண்டாம் என்றால் எட்டாந்தரம் வேறொருவருக்குப் போகும், ஹஃபீலாவுக்கு நூலகச் சாவி. அந்த நூலகத்தில் கதைக்க ஆளே இல்லை.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் ஜபார்.

"நான் ராவு முழுக்கக் கடல்ல. வந்து படுத்தா இவ காதுக்குள்ள வந்து, 'வாப்பா, வாடைக் காத்துக்கு யாரு பேர் வெச்ச?' எண்டு கேக்கிறா. பதில் படிக்கத்தானே பள்ளிக்கு அனுப்பின? என்னைப் பரீட்சைக்கு இருத்தவா அனுப்பின?"

மண்டபம் கைதட்டியது. டீச்சர் பஹ்மாவின் கட்டுரையை அவரிடம் நீட்டினார். "உங்களப் பத்தி போன் எழுதினது. வாசிங்க ஜபார் நானா."

ஜபார் உரத்து வாசித்தார். "'என் தந்தை விடியலில் ஏர் பிடித்து வயலுக்குச் செல்வார்.' நான் எப்ப ஏர் புடிச்ச?"

"நெத்தலி புடிக்கவே தெரியாது, ஏராம்!" என்றது பின்வரிசை. மண்டபம் குலுங்கியது. ஜபாரும் சிரித்துக்கொண்டே, மகள் ஏரை வெட்டி வலை என்று எழுதியதைப் பெருமையாகக் காட்டினார். அடுத்த வசனத்துக்கு வந்தார்.

"'மாலையில் என் தந்தை என்னை அருகில் இருத்தி என்னோடு கதைப்பார்.'"

அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'பிழை'.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் குவிந்து நின்றார்கள். ஜபார் அந்தப் பக்கம் திரும்பினார். "இத யாரு வெட்டின?"

"நான்தான் வாப்பா."

"ஏன்?"

"இல்லாததெல்லாம் வெட்டச் சொன்னாங்க டீச்சர்."

ஜபார் தாளைப் பார்த்தார், பேனை கேட்டு வாங்கினார், எதையோ எழுதப் போய் நிறுத்தினார். பிறகு டீச்சரிடம் மெதுவாகக் கேட்டார். "இதத் திருத்தித் தர எத்தின நாள் இருக்கு?"

"தவணை முடியும் மட்டும்" என்றார் ஹஃபீலா.

ரஸாக் சேர் தொண்டையைச் செருமினார். "அப்ப என்ன முடிவு? டீச்சர மாத்திறதா, இல்லையா?"

"மாத்தினா என்ட வீட்டுப்பாடத்த யாரு சேர் திருத்திற?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் ஜபார்.

வேறு யாரும் எழவில்லை. அதிபர் அடுத்த விடயத்துக்குப் போனார்: மலசலகூடத் தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறது.