காதில் விழாத ராஜினாமா

உள்ளறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற கணவரோ, "அவ அசந்து தூங்குறா" என்று கூசாமல் சொன்னார்.

"தூக்கத்துலயே தைக்கிறாளா அண்ணே? கம்பெனியிலயும் அப்படித்தான் தைப்பா" என்றபடி செருப்பைக் கழற்றினாள் சூப்பர்வைசர்.

மெஷின் சட்டென்று நின்றது.

உள்ளே தைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டைக் கம்பெனியில் 'காலர்' என்றே பெயர். அவள் தைக்கும் காலரைவிட அவள் கழுத்து விறைப்பு என்பது தையல் ஹாலில் பழைய ஜோக். சூப்பர்வைசருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். காய்ச்சலோடு வந்து தைத்தாலும் தைப்பாளே தவிர, அவளிடம் போய் லீவு கேட்டதில்லை.

மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன மறுநாள், "உடம்பு சரியில்ல, இனிமே வரலை, வேற ஆளைப் பாருங்க" என்று அதே சூப்பர்வைசருக்குப் போன் செய்து வைத்துவிட்டாள். அவர்களாக அனுப்புவதற்குள் தானாகப் போய்விடுவதுதான் மானம் என்று நினைத்தாள் பாவி. வைத்தியச் செலவுக்கு வீட்டிலேயே தைக்கத் தொடங்கியிருந்தாள்.

உடையெல்லாம் நூல் துணுக்கோடு வெளியே வந்தாள்.

"போன்ல சொன்னது விழலையா மேடம்?"

"மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை. அதான் ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலை." சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடி லூசு, நீ வேலையை விட்டா கம்பெனி இன்ஷூரன்ஸும் உன்னை விட்டுடும். ஆபரேஷன், மருந்து எல்லாம் அதுலதான் வரும். சிகிச்சைக்கு லீவு கேட்டா வேலை, இன்ஷூரன்ஸ் ரெண்டும் இருக்கும். திரும்பி வந்தா உக்காந்து பட்டன் சரியா இருக்கான்னு பாக்குற லேசான வேலை தருவாங்களாம். உன் பேரைச் சொல்லாம விசாரிச்சுட்டேன்."

கணவர் வாசலை விட்டு உள்ளே வந்தார்.

"அப்ப லீவு போட்டுடுங்க" என்றாள் காலர், ஜன்னலைப் பார்த்து.

"நானா போட முடியாது. நீ கேக்கணும்."

விறைத்த கழுத்து அசையவில்லை. கணவரின் கண்கள் நிரம்புவதைப் பார்த்த பிறகுதான் குனிந்தது.

"லீவு வேணும்."

"யார்கிட்ட கேக்கறே? ஜன்னல்கிட்டயா?"

"உன்கிட்டதான்டி! லீவு குடு!" குரல் உடைந்துவிட்டது.

"சூப்பர்வைசரை 'டி' போட்டா சம்பளத்துல பிடிப்பேன்." சொன்னவளின் குரலும் சரியில்லை. அவசரமாக எழுந்தாள். "நாளைக்கு டாக்டர் சர்டிபிகேட்டோட வா. ஆபீஸ்ல நானும் கூட நிக்கிறேன். முதல்ல போய்ப் படு."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். காலர் கதவுவரை வந்து, அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.