ஹவார்ட்டி இளகும்வரை

2025 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து, பால் விடாத தேநீர் குடித்தேன். ஆறு பத்துக்குக் குளித்தேன். பத்தரைக்கு ரூ காய் என்ற தெருவின் தமிழ்க் கடைகளில் வாழையிலை, வெற்றிலை, கத்தரிக்காய் வாங்கினேன். திரும்பும் வழியில் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பொதி ஹவார்ட்டி சீஸ்.

அன்று என் மனைவியின் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பி உண்டவற்றை எட்டாம் நாள் படைப்பது எங்கள் வழக்கம். அவள் திருமணத்துக்கு முன் டென்மார்க்கில் இருந்தவள். அந்த நாட்டுச் சீஸைத்தான் தினமும் காலையில் பாணுடன் சாப்பிடுவாள். நான் பத்தொன்பது வருடமும் பட்டரும் ஜாமும்தான்.

லா கூர்னெவிலிருந்து அவளுடைய தங்கை, என் மச்சாள், வந்து சமைத்தாள். மாலை ஆறு மணிக்கு இலை போட்டோம். புட்டு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வடை. நான் குளிர்பெட்டியிலிருந்து ஹவார்ட்டியை எடுத்து, பெருவிரல் பருமனில் எட்டுத் துண்டு வெட்டி இலையின் ஓரத்தில் வைத்தேன்.

"உதென்ன அத்தான், சவர்க்காரக் கட்டி மாதிரி?"

"கொக்காவின்ரை சீஸ். வைக்கக் கூடாதோ?"

"அப்பாவுக்குச் சாராயம் வைச்ச ஆக்கள் நாங்கள். சீஸுக்கென்ன?" ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரிக் கிடக்கு. அக்கா உப்பிடித் தின்னுறவவோ?"

"எப்பிடித் தின்னுறவ?"

தொட்ட விரலைத் துடைத்தாள். "பத்தொன்பது வருஷம் ஒரே மேசையிலை இருந்தனீங்கள்."

எட்டுத் துண்டையும் இலையிலிருந்து எடுத்தேன்.

மச்சாள் சொன்னாள்: அரை மணித்தியாலம் வெளியில் இருக்க வேண்டும். குளிரில் அதற்கு ருசி இல்லை. பிறகு மெல்லிசாகச் சீவி, வாட்டிய பாணில் சூட்டோடு போட வேண்டும். அடியில் துளி மிளகாய்ச் சம்பல். "கூடப் போட்டியளெண்டால் சீஸ் தெரியாது. அது சாதுவான சாமான்."

சமையலறை மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து, நடுவில் பிளவுள்ள ஒரு தட்டையான கரண்டியை எடுத்தாள். கேக் எடுப்பதற்கு என்று நான் நினைத்திருந்தது. சீஸ் சீவுவதற்காம்.

"அப்ப அரை மணித்தியாலம் பிந்தும்," என்றேன்.

"அக்கா பொறுத்திருப்பா. உங்களோடை இருந்தவவுக்கு அரை மணித்தியாலம் பெரிசே?"

மிச்சக் கட்டியை மேசையில் வைத்தோம். ஆறு பன்னிரண்டு. கற்பூரம் ஏற்றாமல் இருந்தோம். புட்டும் வடையும் ஆறின. வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ஒன்பது தடவை போனது.

ஆறு நாற்பத்திரண்டுக்குத் தொட்டேன். விரல் சற்று அமிழ்ந்தது. மச்சாள் சீவினாள், நான் பாணை வாட்டிச் சம்பல் பூசினேன். சூட்டில் சீஸின் ஓரங்கள் வளைந்து பளபளத்தன. இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, அவள் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்தி வெளி நடையில் நின்றோம். மச்சாள் அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்கினேன்.

கதவைத் திறந்ததும் படைத்ததிலிருந்து ஒரு பாண் துண்டை என்னிடம் தந்தாள். முதலில் பால், அதன்பின் பட்டர், முடிவில் சிறிய புளிப்பு. உறைப்பு பிந்தித்தான் வந்தது.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு," என்றேன். அது உண்மை. கரண்டியைக் கழுவித் துடைத்து அதே லாச்சியில் வைத்தேன்.

புதன்கிழமை, ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். தண்ணீர் வைப்பதற்கு முன், மீதி ஹவார்ட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.